வெப்பமடையும் ஆறுகள்: ட்ரவுட் மீனுக்காகத் திறக்கப்படும் குளிர்ந்த நீர்

அமெரிக்காவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ட்ரவுட் மீன் பிடிக்க ஆற்றுக்குச் செல்பவர்கள் பலர் தூண்டிலுடன் ஒரு வெப்பமானியையும் எடுத்துச் செல்கின்றனர். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், மீன்பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களிடையே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்.

பொழுதுபோக்கு மீன்பிடி பற்றிய சிறு விவகாரமாக இது தோன்றலாம். ஆனால் தமிழர்கள் கணிசமாக வாழும் நியூஜெர்சி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்சாஸ் ஆகிய மூன்று இடங்களிலும், கோடையில் ஓர் ஆறு குளிர்ச்சியாக இருக்குமா இல்லையா என்பதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அணைகளும், அவற்றின் நீரைப் பங்கிடும் ஒப்பந்தங்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

வெப்பம் ஏன் ஆபத்து?

ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் முறையில் புழுவோ இரையோ பயன்படுத்தப்படுவதில்லை. இறகு, நூல், மயிர் ஆகியவற்றால் பூச்சி போலக் கட்டப்பட்ட தூண்டில் முள்ளை நீரின் மேல் வீசி மீனை ஏமாற்றுவதே இதன் நுட்பம். பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவது இவர்களில் பெரும்பாலானோரின் பழக்கம்.

ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். 10 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் இது 8.3 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. அதே நேரத்தில், வெப்பம் கூடக்கூட மீனின் உடலுக்குத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவோ அதிகரிக்கிறது. இந்த நிலையில் தூண்டிலில் சிக்கிப் போராடிக் களைத்த மீன், உயிருடன் விடுவிக்கப்பட்டாலும் சில மணி நேரத்தில் இறந்துபோகக்கூடும்.

இதன் காரணமாகவே மொன்டானா மாநிலத்தில், வெப்பம் மிகுந்த நாட்களில் குறிப்பிட்ட ஆறுகளில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. இரவில் ஆறியிருக்கும் நீரில், பிற்பகல் 2 மணிக்கு முன்பு மட்டுமே அங்கு தூண்டில் போட முடியும்.

அணையின் அடியில் உள்ள குளிர்

கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் ஒன்றில் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிறது. வெயிலில் சூடான இலேசான நீர் மேலேயும், அடர்த்தி மிகுந்த குளிர்ந்த நீர் அடியிலும் இருக்கும். அணையின் அடிமதகு வழியாக நீர் திறக்கப்பட்டால், கீழே ஓடும் ஆறு கோடையிலும் குளிர்ந்தே இருக்கும்.

ஆகவே, கடலிலிருந்து வரும் மீன்களின் பாதையை அடைத்த அதே அணைகள், பல இடங்களில் ட்ரவுட் வாழும் புதிய ஆறுகளையும் உருவாக்கின. ஆனால் இந்தக் குளிர்ந்த நீர் அளவோடுதான் இருக்கிறது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சேர்ந்ததைக் கோடை முழுவதற்கும் பகிர்ந்தளிக்க வேண்டும்.

டெலவேர்: அமெரிக்காவின் காவிரி

நியூஜெர்சியின் மாநில மீன் ப்ரூக் ட்ரவுட். வடமேற்கு மலைப்பகுதியில் ஊற்று நீர் பாயும் சிற்றோடைகளில் அது இயற்கையாக வாழ்கிறது. பெரிய ஆறுகளில் அரசுப் பண்ணையில் வளர்க்கப்பட்ட ட்ரவுட்கள் வசந்தகாலத்தில் விடப்படுகின்றன. கோடை வந்ததும் அவற்றில் பல ஆறுகள் சூடாகிவிட, அங்குள்ள தூண்டில்காரர்கள் பலர் வடக்கே டெலவேர் ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்கின்றனர்.

அந்த மேற்பகுதி குளிர்ந்திருப்பதற்குக் காரணம், நியூயார்க் நகரின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட கேனன்ஸ்வில், பெபாக்டன், நெவர்சிங்க் ஆகிய மூன்று நீர்த்தேக்கங்கள். இவற்றின் நீர் யாருக்கு என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1931 ஆம் ஆண்டிலும், பின்னர் 1954 ஆம் ஆண்டிலும் தீர்ப்பளித்தது. நியூயார்க் நகரம் நாளொன்றுக்கு 80 கோடி கேலன் வரையும், நியூஜெர்சி 10 கோடி கேலன் வரையும் எடுக்கலாம். இதற்கு ஈடாக, நியூஜெர்சியின் மொன்டேக் என்ற இடத்தில் ஆற்றில் விநாடிக்கு 1,750 கன அடி நீர் ஓடும் வகையில் நியூயார்க் நகரம் நீர் திறக்க வேண்டும்.

காவிரி வழக்கைப் பின்தொடர்ந்து வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதே. அங்கு பிலிகுண்டுலு, இங்கு மொன்டேக். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1954 தீர்ப்பு நீரின் அளவைப் பற்றிப் பேசியதே தவிர, அதன் வெப்பநிலையைப் பற்றிப் பேசவில்லை. மொன்டேக்கில் தேவையான அளவு நீர் ஓடினால் அணைத் திறப்பைக் குறைத்துவிடலாம் என்ற நிலையில், மேற்பகுதி ஆறு திடீரென வற்றிச் சூடாவது பல ஆண்டுகள் பிரச்சினையாக இருந்தது. தூண்டில்காரர்களும் சூழலியலாளர்களும் தொடர்ந்து வலியுறுத்திய பின்னரே, தீர்ப்பில் தொடர்புடைய நான்கு மாநிலங்களும் நியூயார்க் நகரமும் செய்துகொண்ட உடன்பாடுகளில், வெப்ப அலையின்போது திறப்பதற்கெனத் தனியே நீர் ஒதுக்கும் ஏற்பாடு இடம்பெற்றது.

டெக்சாஸில் ட்ரவுட்

டெக்சாஸின் கோடையில் ட்ரவுட் வாழ்வது இயல்பாக நடக்கக்கூடியதல்ல. சான் அன்டோனியோவுக்கும் ஆஸ்டினுக்கும் அருகே குவாடலூப் ஆற்றில் அது சாத்தியமானதற்கு, 1964 இல் கட்டி முடிக்கப்பட்ட கேன்யன் அணையின் அடிமதகே காரணம். 1960களிலிருந்து அங்கு குளிர்காலத்தில் ரெயின்போ ட்ரவுட்கள் விடப்பட்டு வருகின்றன. அணைக்குக் கீழே சில மைல் தூரத்துக்கு மட்டும், நீர்த் திறப்பு போதுமாக இருக்கும் ஆண்டுகளில் அவை கோடையையும் தாக்குப்பிடிக்கின்றன.

பல ஆண்டு வறட்சியால் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த நீர்த்தேக்கம் பாதிக்கும் குறைவாகவே நிரம்பியிருந்தது. அதே ஆண்டு ஜூலை 4 ஆம் தேதி, இதே ஆற்றின் மேற்பகுதியில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இடையே ஊசலாடும் இப்படியொரு ஆற்றில், குளிர்ந்த நீரின் இருப்பை முன்கூட்டித் திட்டமிடுவது கடினமாகிறது.

கலிபோர்னியா: மீனா, பயிரா?

இந்தப் போட்டி மிகக் கடுமையாக உள்ள இடம் கலிபோர்னியா. 1945 இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாஸ்டா அணை, சாக்ரமென்டோ ஆற்றின் குளிர்கால சினூக் சால்மன் மீன்களை அவற்றின் மலை ஓடைகளிலிருந்து துண்டித்தது. கோடையின் உச்சத்தில் முட்டையிடும் இந்த மீன்கள் இப்போது அணைக்குக் கீழே உள்ள சூடான சமவெளியில், அணை தரும் குளிர்ந்த நீரை நம்பி வாழ்கின்றன. அவற்றின் முட்டைகளுக்கு ஏறத்தாழ 13 டிகிரிக்கும் குறைவான நீர் தேவை. இதற்காகவே, வெவ்வேறு ஆழங்களிலிருந்து நீரை எடுக்கும் அமைப்பு ஒன்று 1997 இல் அணையில் பொருத்தப்பட்டது.

ஆனால் அதே நீர்தான் மத்தியப் பள்ளத்தாக்கின் விவசாயத்துக்கும் போக வேண்டும். 2014, 2015 வறட்சியில் குளிர்ந்த நீர் முன்னதாகவே தீர்ந்துபோனதால், இந்தச் சால்மன்களின் சந்ததியில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை முட்டையாகவோ குஞ்சாகவோ இருக்கும்போதே மடிந்தன. மாநிலத்தின் மற்ற சால்மன் இனங்களும் சரிந்ததையடுத்து, 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் கலிபோர்னியாவில் வணிக ரீதியான கடல் சால்மன் மீன்பிடிப்பு முற்றாக மூடப்பட்டது.

மலை ஏரிகள் மாற்றாகுமா?

ஆறுகள் சூடாகும்போது வளைகுடாப் பகுதியினர் பலர் சியரா நெவாடாவின் உயர்ந்த ஏரிகளை நாடுகின்றனர். பனி உருகி நிறைந்த அந்த ஏரிகள் கோடையிலும் குளிர்ந்தவையே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இயற்கையில் மீனே கிடையாது. முதலில் கோவேறு கழுதைகளிலும், பின்னர் விமானங்களிலும் கொண்டுசென்று விடப்பட்ட ட்ரவுட்கள், அங்கிருந்த மஞ்சள்கால் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்த்தன. பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, அந்தத் தவளை இனம் 2014 இல் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. சில ஏரிகளிலிருந்து ட்ரவுட்கள் அகற்றப்பட்ட பின் தவளைகள் திரும்பின.

ஒரே மீன் ஓரிடத்தில் காப்பாற்றப்பட வேண்டியதாகவும், வேறோரிடத்தில் அகற்றப்பட வேண்டியதாகவும் இருக்கிறது. பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட ரெயின்போ ட்ரவுட், ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுவரப்பட்ட மீன் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. அங்கும் அது உயரமான, குளிர்ந்த நீரோடைகளில்தான் நிலைத்தது.

மலைப்பனி குறைந்து, கோடை நீளும் காலத்தில் அணைகளின் அடியில் சேரும் குளிர்ந்த நீரும் சுருங்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மேட்டூரில் ஜூன் 12 ஆம் தேதி நீர் திறக்கப்படுமா என்று டெல்டா விவசாயிகள் காத்திருப்பதுபோல, இந்த ஆறுகளின் கோடையும் வசந்தகாலத்து நீர் இருப்பைக் கொண்டே முடிவாகிறது. தூண்டில்காரரின் வெப்பமானி அந்த முடிவின் விளைவைத்தான் காட்டுகிறது.