கிதாரும் சுருதிமானியும்

கிதார் பயில்வோர் பலரும் செய்யக்கூடிய தவறு ஒன்றை நானும் என் கல்லூரி நாட்களில் செய்தேன். அதுவும் விழா மேடையில் செய்தேன். அதைச் சொன்னால்தான் இன்றைய பேச்சின் பொருள் விளங்கும்.

விழாவன்று மாலை, என்னுடன் பாடவிருந்த நண்பர் தம் மின்னணுச் சுருதிமானியை எனக்கு இரவல் கொடுத்தார். கடைகளில் 'டியூனர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்தச் சிறு கருவிதான். அதைக் கிதாரின் தலைப்பகுதியில் கவ்வவிட்டு, ஒவ்வொரு தந்திக்கும் திரையிலுள்ள முள் நடுவில் நிற்குமாறு பிரடைகளை முறுக்கினேன். பிறகு ஈ மேஜர் என்னும் சுரக்கூட்டை மீட்டிப் பார்த்தேன். ஒலியினுள்ளே ஏதோ நடுங்குவது போலிருந்தது. கருவி பொய் சொல்லுகிறது என்று முடிவு கட்டி, மூன்றாம் தந்தியைச் சற்றே தளர்த்தினேன். நடுக்கம் அடங்கியது; ஒலி இனித்தது. அந்தப் பெருமிதத்துடன் மேடையேறினேன். பாட்டு ஜி மேஜருக்குத் திரும்பிய கணமே நண்பர் பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும், அவருடைய சுருதிமானி பழுது என்று வேறு வாதாடினேன்.

பழுது கருவியில் இல்லை. என் செவியிலும் இல்லை. பின் எங்கே இருந்தது?

முதலில் கருவியைப் பார்ப்போம். அதன் கவ்வியினுள் ஒரு சிறு தகடு உண்டு. அதிர்வு அதை அழுத்தும்போது அதில் மின்னழுத்தம் தோன்றும். சில படிகங்களுக்கு இக்குணம் இருப்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தனர். அவ்வாறு வரும் அதிர்வை, குவார்ட்ஸ் படிகத்தின் மாறாத துடிப்போடு ஒப்பிட்டுக் கருவி அளந்துவிடுகிறது. அடிப்படை, வினாடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட 'ஏ' சுரம். அளவை, 'சென்ட்'. ஆங்கில அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ் வகுத்த இம்முறையில் ஒரு ஸ்தாயி 1200 சென்ட். அரைச்சுரம் 100 சென்ட். கிதாரின் மூன்றாம் தந்தி வினாடிக்கு 196 முறை அதிர வேண்டும். அங்கே ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 0.11 அதிர்வுதான். 1936-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்ட்ரோபோகான் என்ற பெரிய கருவி, சுழலும் வட்டுகளையும் மினுக்கும் விளக்கையும் கொண்டு இத்தகைய நுட்பத்தை எட்டியது. இன்று அந்த வேலையைச் சட்டைப்பையில் அடங்கும் கருவி செய்கிறது.

அத்துணை நுட்பமான கருவி சொன்னபடி சேர்த்தும் ஏன் ஒலி நடுங்கியது? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். செவிக்கு முற்றும் இனிய அந்தர காந்தாரம், ஆதார சுரத்தோடு 5-க்கு 4 என்ற விகிதத்தில் நிற்பது. அந்த 5/4-ஐ மும்முறை பெருக்கினால் 125/64 வரும். ஸ்தாயிக்கு வேண்டியதோ 128/64. ஆக, மூன்று இனிய காந்தாரங்களை அடுக்கினால் மேல் ஷட்ஜத்தை எட்டாமல் துண்டு விழுகிறது. இதை எந்தப் பிரடையாலும் ஈடுசெய்ய இயலாது. இது எண்களின் குணம்.

கிதார் செய்வோர் இதற்கு ஒரு சமரசம் கண்டனர். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி மெட்டுகளைப் பதித்துவிட்டனர். விண்ணியல் அறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி, 1581-ல் வெளிவந்த தம் இசை நூலில், லூட் என்னும் தந்திக் கருவிக்கு 18-க்கு 17 என்ற அளவில் மெட்டு வைக்கும் முறையைப் பேசியிருக்கிறார். அதுவும் ஏறக்குறைய இதே சமப் பங்கீடுதான். இப்பங்கீட்டில் பஞ்சமம் 2 சென்ட் மட்டுமே குறைகிறது. அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. அந்தர காந்தாரமோ ஏறத்தாழ 14 சென்ட் மிகுந்துவிடுகிறது. ஈ மேஜரில் நான்காம் தந்தியில் ஒலிக்கும் 'ஈ'யும், மூன்றாம் தந்தியின் முதல் மெட்டில் ஒலிக்கும் காந்தாரமும் உரசும்போது, அவற்றின் மேலொலிகளுக்கிடையே வினாடிக்கு ஆறேழு விம்மல்கள் எழுகின்றன. நான் கேட்ட நடுக்கம் அதுவே. என் செவி மெய்யைத்தான் சொன்னது.

ஆனால் நான் செய்த காரியத்தைப் பாருங்கள்! காந்தாரத்தை இனிமையாக்க அந்தத் தந்தியை 14 சென்ட் தளர்த்தினேன். ஜி மேஜரில் அதே தந்தி மெட்டில் படாமல் ஆதார சுரமாகவே ஒலிக்கிறது. ஆறாம் தந்தி 98, மூன்றாம் தந்தி 196, முதல் தந்தி 392 என்று மூன்று ஸ்தாயிகள் ஒன்றாக நிற்க வேண்டிய இடத்தில், நடுவிலுள்ளது 194.5-க்கு இறங்கியிருந்தது. காந்தாரத்தின் குறையைச் செவி பொறுக்கும். ஸ்தாயியின் குறையைப் பொறுக்காது. நண்பர் திரும்பிப் பார்த்ததில் வியப்பென்ன?

நம் தம்புராவுக்கு இத்தொல்லை இல்லை. அது ஒரே ஆதார சுரத்தைப் பற்றி நிற்பது. இனிய விகிதத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். கிதார் சுரக்கூட்டுக்குச் சுரக்கூட்டு ஆதாரத்தை மாற்றிக்கொண்டே போகிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறை பொறுத்தால்தான் அதற்கு வாழ்வு. சுருதிமானியின் நடுக்கோடு காட்டுவது அந்தப் பொது உடன்பாட்டையே.

இனி நீங்கள் சுருதி சேர்க்கும்போது, தந்தியை மென்மையாக மீட்டுங்கள். ஓங்கி மீட்டினால் தொடக்கத்தில் சுருதி ஏறிக் காட்டும். கீழிருந்து மேலே முறுக்கி நிறுத்துங்கள். மேலிருந்து தளர்த்தி நிறுத்தினால் பற்சக்கரத்திலுள்ள இடைவெளியால் தந்தி பிறகு நழுவும். ஒரு தந்தியை முறுக்கினால் கழுத்து வளைந்து மற்றவை சிறிது இறங்குமாதலால், ஆறையும் இருமுறை சுற்றிவர வேண்டும். மேடை விளக்கின் சூடு உலோகத் தந்தியைத் தளர்த்தும். ஆகவே அறையில் சேர்த்ததை நம்பாமல், மேடையேறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். இவ்வளவும் செய்த பின்பும் மெட்டுதோறும் சுருதி பிசகினால், பிரடையைத் தொடவேண்டாம். பெரும்பாலும் தந்தி பழையதாகி அழுக்கேறியிருக்கும், மாற்றிவிடுங்கள்.