மரத்தடிப் பொட்டலத்தின் வரவு செலவு

1983 டிசம்பரில் அமெரிக்கக் கடைகளில் ஒரு கேபேஜ் பேட்ச் பொம்மையின் விலை சுமார் 25 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 250 ரூபாய். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 3 டாலர் 35 சென்ட். ஓட்டலில் தட்டு கழுவும் ஒரு தாய் அந்தப் பொம்மையை மகளுக்குத் தெரியாமல் வாங்கி, கிறிஸ்துமஸ் காலையில் மரத்தடியில் வைக்க ஆசைப்பட்டால், அதற்கு ஏழரை மணி நேரம் உழைக்க வேண்டும். வரிப் பிடித்தத்தையும் சேர்த்தால் ஒரு முழுநாள் கூலி.

இதே கணக்கை மற்ற ஆண்டுகளுக்கும் போட்டுப் பார்க்கலாம். 1996இல் பிள்ளைகள் கேட்டது டிக்கிள் மீ எல்மோ. விலை 28.99 டாலர், கூலி 4.75, உழைப்பு 6 மணி 6 நிமிடம். 1998இல் ஃபர்பி. விலை 35 டாலர், கூலி 5.15, உழைப்பு 6 மணி 48 நிமிடம். 2016இல் முட்டையை உடைத்துக்கொண்டு தானே வெளிவரும் ஹாட்சிமல். விலை ஏறக்குறைய 60 டாலர், கூலி 7.25; உழைப்பு எட்டேகால் மணி. இடையில் 33 ஆண்டுகள் ஓடிவிட்டன. பொம்மைகளுக்கு மோட்டார் வந்தது, சிப் வந்தது, பேச்சு வந்தது. உழைப்புக் கணக்கு மட்டும் ஆறு மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவிலேயே நிற்கிறது. ஏழை வீட்டுக் கையும் எம்பினால் எட்டிவிடும் உயரம் இதுதான் என்று அறிந்தே விலை வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பிள்ளையைத் திகைக்க வைக்க ஒரு நாள் கூலி போதுமென்றால், டிசம்பர் ஏன் இத்தனை குடும்பங்களைத் திணறடிக்கிறது? அமெரிக்கச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2024இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, பண்டிகைக்காக ஒருவர் செலவிடத் திட்டமிட்ட தொகை சராசரியாக 902 டாலர். அதில் பரிசுகளுக்கு மட்டும் 641. குறைந்தபட்சக் கூலிக்காரர் ஒருவர் இந்த 641 டாலரை எட்ட 88 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரம் 40 மணி நேர வேலை என்றால் இரண்டு வாரத்துக்கு மேல். பெரியவர்களுக்கான பரிசுகள், உறவுமுறைக் கடமைகள், அலுவலகச் சம்பிரதாயங்கள் எல்லாம் இதில் அடங்கும். அவற்றைக் குறைத்துக்கொள்ள எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். பிள்ளை பெயர் சொல்லிக் கேட்ட அந்த ஒரு பொம்மையை மட்டும் குறைக்க முடிவதில்லை. கணக்கு உடைவது அந்த இடத்தில்தான்.

1983ஐயே எடுத்துக்கொள்வோம். கோலிகோ நிறுவனம் அந்த ஆண்டு விற்ற கேபேஜ் பேட்ச் பொம்மைகள் சுமார் 30 லட்சம். துணி உடம்பு, வினைல் முகம், நூல் முடி. ஒவ்வொன்றுக்கும் முகமோ முடியோ உடையோ சற்று மாறியிருக்கும். தனிப் பெயரும் உண்டு. பெட்டிக்குள் தத்துப் பத்திரம் இருக்கும். குழந்தை அதைப் படித்து உறுதிமொழி எடுத்தால் அந்தப் பொம்மைக்குத் தாய் ஆகிவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சைத் தொட இதைவிடக் கூர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது தேவையைப் பார்ப்போம். 1974 முதல் 1979 வரை அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் சுமார் 1 கோடியே 96 லட்சம். 1983 கிறிஸ்துமஸில் அவர்களுக்கு வயது நான்கிலிருந்து ஒன்பது. அவர்களில் பாதியளவு பெண் குழந்தைகள் என்று கொண்டு, பொம்மை கேட்டவர்கள் அவர்கள் மட்டுமே என்று குறைத்து மதிப்பிட்டாலும், பத்துச் சிறுமிகளுக்கு மூன்று பொம்மைகள்தான் இருந்தன. மீதி ஏழு வீடுகளின் ஏமாற்றம் அந்தக் குளிர்காலத்தில் தெருவுக்கு வந்தது. பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரியில் இருந்த ஸேயர் கடையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் எட்டு மணி நேரம் காத்து நின்றார்கள். கதவு திறந்ததும் நெரிசல். ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. கூட்டத்தை விலக்கக் கடை மேலாளர் பேஸ்பால் மட்டையைக் கையில் எடுத்தார். கன்சாஸ் சிட்டியில் தபால்காரராக இருந்த ஒரு தந்தை, மகளுக்கு ஒன்று வாங்க லண்டனுக்கே விமானம் ஏறினார்.

காத்து நின்ற எட்டு மணி நேரத்தையும் செலவில் எழுத வேண்டும். விலைக்கு ஏழரை மணி, வரிசைக்கு எட்டு மணி. மொத்தம் பதினைந்தரை. கூலி உழைப்பைவிட வரிசை பெரிது என்பதை எந்த ரசீதும் காட்டுவதில்லை. அதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள்தான் அதிகம். அடுத்த ஆண்டு, 1984இல், கோலிகோ சுமார் 2 கோடிப் பொம்மைகளை விற்றது. ஆசை உச்சத்தில் இருந்த டிசம்பருக்கு 30 லட்சம். அது கடந்த பிறகு 2 கோடி. 1988இல் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

1996இல் கதை இன்னும் வேகமாக நடந்தது. எல்மோவின் வயிற்றை ஒருமுறை அமுக்கினால் சிரிக்கும். மறுபடி அமுக்கினால் இன்னும் பலமாகச் சிரிக்கும். மூன்றாவது முறை உடம்பெல்லாம் குலுங்கச் சிரிக்கும். டைகோ நிறுவனம் முதலில் திட்டமிட்டது 4 லட்சம். தொலைக்காட்சியில் பிரபலங்கள் அதைத் தூக்கிக் காட்டிய பிறகு ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் விற்றது. அதுவும் போதவில்லை. டிசம்பரில் கைமாற்று விலை 1,500 டாலர் வரை போனதாகச் செய்திகள் வந்தன. கடை விலையைப்போல் ஏறக்குறைய 52 மடங்கு. குறைந்தபட்சக் கூலியில் 316 மணி நேரம், அதாவது எட்டு வார உழைப்பு. ஆறு மணி நேரப் பொருள் எட்டு வாரப் பொருளாகிவிட்டது. பொம்மைக்குள் இருந்த மோட்டாரும் பஞ்சும் மாறவில்லை.

இந்த உபரிப் பணம் எதற்கு? வியப்புக்கா? பிள்ளை பெயர் சொல்லிக் கேட்டுவிட்ட பிறகு அதில் வியப்பு பாதிதான் மிச்சமிருக்கும். கேட்டது கிடைக்காமல் அந்த முகம் வாடிவிடுமோ என்ற அச்சத்துக்குப் பெற்றோர் கொடுக்கும் விலையே அது. உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி, 1984இல் வெளிவந்த ‘இன்ஃப்ளுயன்ஸ்’ நூலில் இந்த அச்சத்தின் வணிகப் பக்கத்தை விளக்குகிறார். கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு பொம்மையை விளம்பரத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவது. பிள்ளை கேட்கும், பெற்றோர் வாக்குக் கொடுப்பார்கள். கடைக்கு மட்டும் சரக்கைக் குறைத்து அனுப்புவது. பெற்றோர் வேறு வழியின்றி மாற்றுப் பொம்மை வாங்குவார்கள். பண்டிகை முடிந்ததும் விளம்பரம் மறுபடி ஓடும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஜனவரியில் மீண்டும் கடைக்குப் போவார்கள். வியாபாரம் தூங்கும் மாதத்துக்கு வாடிக்கையாளர் வந்து சேர்ந்துவிடுகிறார். 25 டாலர் வீட்டில் 50 டாலர். ஏழரை மணி வீட்டில் பதினைந்து மணி. ஒவ்வொரு தட்டுப்பாடும் திட்டமிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எல்மோ விஷயத்தில் டைகோவே எதிர்பாராமல் திணறியது. ஆனால் ஒரு தகப்பன் கொடுத்த வாக்கை வைத்து இரண்டாம் விற்பனை செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தட்டுப்பாட்டை ஒளிக்காமல் கடை விரித்த ஒரு நிறுவனமும் உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ 1977 மே 25 அன்று வெளியானது. படம் இவ்வளவு ஓடும் என்று யாரும் எண்ணவில்லை. பொம்மை உரிமை வைத்திருந்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் அச்சு வார்த்து உருவங்களைச் செய்ய முடியவில்லை. அதனால் ஓர் அட்டை உறையை விற்றது. உள்ளே பொம்மை கிடையாது. ஒரு சான்றிதழ், பொம்மைகளை நிறுத்தி வைக்க அட்டையில் ஒரு மேடை, சில ஒட்டுப்படங்கள், ரசிகர் மன்ற உறுப்பினர் அட்டை, அவ்வளவுதான். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் 1978 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் நான்கு உருவங்கள் வீடு வந்து சேரும்: லூக், லேயா, ஆர்2-டி2, சூபாக்கா. 5 லட்சம் உறைகள்தான். 1977 டிசம்பர் 31க்குப் பிறகு விற்கக்கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் லட்சக்கணக்கான பிள்ளைகள் திறந்தது பொம்மையில்லாத உறை. அந்த அட்டை மேடை அலமாரியில் நிற்க, பிள்ளைகள் தபால்காரரை எதிர்பார்த்திருந்தார்கள். 1978இல் கென்னர் 4 கோடி உருவங்களை விற்றது. உறையில் இருந்த பொருளின் மதிப்பு சில சென்ட். ஆனால் மாதக்கணக்கில் எதிர்பார்த்துக் கிடக்கும் சுகமும் அதில் சேர்ந்தே விற்கப்பட்டது. உண்மையைச் சொல்லி விற்றார்கள், சொன்னபடி அனுப்பினார்கள். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

பொருளாதார அறிஞர்களின் பேரேட்டில் பரிசு என்பதே நட்டக் கணக்கு. யேல் பல்கலைக்கழகத்தின் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸில் கிடைத்த பரிசுகளைப் பற்றித் தன் மாணவர்களிடம் கேட்டார். அந்தப் பரிசுகளுக்கு மற்றவர்கள் செலவிட்டிருப்பார்கள் என்று அவர்கள் மதிப்பிட்ட தொகை சராசரியாக 438 டாலர். அதே பொருள்களுக்குத் தாங்கள் கொடுக்கத் தயாராக இருந்தது 313 டாலர். வித்தியாசம் 125, நூற்றுக்கு 28 போனது காற்றில். 1992இல் நாடு முழுவதும் பரிசுச் செலவு 3,800 கோடி டாலர் என்று வைத்து, அதில் 400 கோடி முதல் 1,300 கோடி வரை வீண் என்று முடித்தார். நண்பர்கள் கொடுத்தவற்றில் நட்டம் மிகக் குறைவு. தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்தவற்றில் அதிகம்.

கணக்கு சரிதான். ஆனால் கேட்கப்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள்; தனக்கு வேண்டியது எது, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அறிந்தவர்கள். பாசத்தின் மதிப்பைக் கழித்துவிட்டுப் பதில் சொல்லும்படியும் அவர்களிடம் கேட்டிருந்தார். ஆறு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. அதற்குப் பணம் கிடையாது, விலை தெரியாது, பாசத்தைக் கழித்துப் பார்க்கவும் தெரியாது.

சின்னச் செலவுகளையும் எழுதிவிட வேண்டும். ஃபர்பிக்கு நான்கு ஏஏ பேட்டரி வேண்டும், பெட்டியோடு வராது. டிசம்பர் 25 காலையில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். 35 டாலர் பொம்மை கண் திறக்காமல் கிடக்க, தந்தை டார்ச் லைட்டையும் டிவி ரிமோட்டையும் பிரித்துக்கொண்டிருந்த வீடுகள் அமெரிக்காவில் நிறைய இருந்திருக்கும்.

இத்தனை செலவையும் டிசம்பர் சம்பளத்தில் அடைக்க முடியாது என்பதை அந்த நாட்டு உழைப்பாளிகள் நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் ஒரு டிரஸ்ட் கம்பெனியின் பொருளாளராக இருந்த மெர்க்கல் லாண்டிஸ் 1909இல் கிறிஸ்துமஸ் சேமிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். நம்மூர் தீபாவளிச் சீட்டின் தம்பி என்று சொல்லலாம்: ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டி, டிசம்பர் 1 அன்று மொத்தமாக வாங்கிக்கொள்வது. முதல் ஆண்டு சேர்ந்தவர்கள் சுமார் 350 பேர். ஆளுக்குச் சராசரி 28 டாலர். மொத்தம் 9,800 டாலர்.

இன்னொரு வழி லேஅவே. கடையில் பொம்மையைத் தேர்ந்தெடுத்து, சிறு முன்பணம் கட்டி, அங்கேயே விட்டுவிட்டு வருவது. 100 டாலர் சாமானுக்கு 10 டாலர் முன்பணம் என்றால், வாரம் 9 டாலராகப் பத்து வாரத்தில் பாக்கி தீரும். வட்டி கிடையாது, பொருள் கடைசியில்தான் கைக்கு வரும். ஏழை வீட்டுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. பொம்மை கடையின் பின்னறையில் இருப்பதால், இரண்டு அறை வீட்டில் கட்டிலுக்கு அடியில் தேடும் பிள்ளைக்கு எதுவும் அகப்படாது. ஒளித்து வைக்கும் செலவு பூஜ்யம். வால்மார்ட் இதை 2006இல் நிறுத்தியது; 2011இல் பண்டிகைக் காலத்துக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்தது; 2021இல் மறுபடி கைவிட்டது. அந்த இடத்தில் இப்போது தவணைக் கடன் நிற்கிறது. பொம்மை முதலில், பணம் பிறகு, பலருக்கு வட்டியோடு. சேமித்து வாங்குபவரைக் கடனாளியாக்கும் இந்த மாற்றத்தை யாரும் கொண்டாட வேண்டியதில்லை.

முன்பணத்துக்கும் வழியில்லாத வீடுகளும் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் டயான் ஹென்ட்ரிக்ஸ் என்ற பெண்மணி கையால் தைத்த ஒரு கந்தல் பொம்மையை ஏழைக் குழந்தைக்குக் கொடுக்க விரும்பினார். அப்படி வாங்கிக் கொடுக்கும் அமைப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று கணவர் திரும்பி வந்தார். அப்படியானால் நீங்களே தொடங்குங்கள் என்றார் மனைவி. கணவர் பில் ஹென்ட்ரிக்ஸ் மரைன் ரிசர்வ் படையில் மேஜர். 1947 கிறிஸ்துமஸுக்கு அவரது படைப்பிரிவு 5,000 பொம்மைகளைத் திரட்டியது. அதுதான் ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’. இன்றுவரை 60 கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகளை அது கொடுத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டுக்குச் சற்று மேல். ஊரே அடித்துக்கொண்ட பொம்மைதான் வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால்தான் இந்த எண்ணிக்கை சாத்தியமானது.

2011 டிசம்பரில் கேமார்ட் கடைகளில் நடந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. வரவிலும் எழுதலாம், செலவிலும் எழுதலாம். மிச்சிகனில் தொடங்கி நெப்ராஸ்கா, அயோவா, இண்டியானா, மொன்டானா என்று பரவியது. முன்பின் அறியாதவர்கள் லேஅவே மேசைக்கு வந்து, பொம்மையோ குழந்தை உடையோ உள்ள கணக்கு எது என்று கேட்டார்கள். யாருடையது என்று கேட்கவில்லை. பாக்கியைக் கட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் போய்விட்டார்கள். சிலர் சில சென்ட்டை மட்டும் கட்டாமல் விட்டார்கள். முழுத்தொகையும் கட்டினால் கணக்கு முடிந்து பொருளை உடனே எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சில்லறை பாக்கி இருந்தால்தான் பொம்மை பத்திரமாகப் பின்னறையில் கிடக்கும். தாயோ தந்தையோ வந்து அதைக் கட்டி, பொட்டலத்தைத் தங்கள் கையாலேயே வாங்கிப் போவார்கள்.