அம்மாவின் இரத்தத்தில் எதை எண்ணுகிறார்கள்?

‘இரத்தத்திலேயே புற்றுநோயைப் பிடிச்சிடலாமாம், உண்மையோ?’ வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி அம்மா கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான். மில்லிக்கன் வீடுகளில் டொக்டரிட்டக் கூடப்போய் மொழிபெயர்க்கிறதும் நாங்கள்தானே.

அப்படிச் செய்திகளுக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சிகளும் உண்டு. அதில் ஒன்று எங்கட ரொறன்ரோவிலேயே, சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில் நடந்தது.

கட்டி வளர இரத்தம் வேணும். அதற்காகப் புது இரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும். அவற்றைத் தடுத்துக் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971இல் எழுதினார் பொஸ்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன். 2004இல் அந்த வழியில் வந்த அவாஸ்டின் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் மருந்து வேலை செய்யுதோ, எவ்வளவு டோஸ் போதும் என்று எப்படித் தெரியும்? ஸ்கானில் கட்டி சுருங்குதா என்று பார்க்கப் பல வாரம் காத்திருக்க வேணும்.

சன்னிபுரூக்கில் ரொபர்ட் கெர்பெல், யுவால் ஷாகெட், மிலானில் பிரான்செஸ்கோ பெர்டொலினி போன்றவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். குழாயின் உட்சுவரில் ஓடு பதித்தது போல ஒட்டியிருக்கும் கலங்களில் சில கழன்று இரத்தத்தில் மிதக்கும். எலும்பு மச்சையிலிருந்து புதுசாக வருபவையும் உண்டு. எலிகளில் மருந்து சரியான அளவில் போனபோது அந்தப் புதுக் கலங்கள் குறைந்தன.

மனிதரில் கணக்கு குழம்பிவிடும். இவை மிக அரிது. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எண்ணும் முறையும் வேறு, வருகிற எண்ணும் வேறு. ஊசி குத்தும்போதே சுவர் உரசிச் சில கழரும், அதனால் முதல் குழாய் இரத்தத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். மாரடைப்பு வந்தாலும் ஏறும், சீனி வருத்தம் இருந்தாலும் ஏறும். எங்கட சனத்தில் சீனி இல்லாத வீடு எது? எண்ணிக்கை கூடினதை வைத்து மட்டும் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லவே முடியாது.

கட்டியிலிருந்தே கழன்று வரும் புற்றுநோய்க் கலங்கள் வேறு. அவற்றை எண்ணும் செல்சேர்ச் முறை 2004இல் அனுமதி பெற்றது. அதுவும் ஏற்கெனவே பரவிய நோய் உள்ளவர்களுக்கு. யாராவது காசுக்கு ‘இரத்தச் சோதனை’ விற்றால், எதை எண்ணுறீங்கள், எதற்காக என்று கேளுங்கோ.

இப்போதைக்கு ஒன்ராறியோவில் 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலச் சோதனை இலவசம். தபாலில் வந்த பெட்டி அலுமாரிக்குள் கிடக்குதா என்று ஒருக்காப் பாருங்கோ. 2024 ஒக்ரோபரிலிருந்து 40 வயதுப் பெண்களும் டொக்டரின் கடிதம் இல்லாமலே மமோகிராமுக்குப் பதியலாம். அது அம்மாவின் வயது இல்லை, எங்கட வயது.