அழித்தும் அழியாத சந்தா

வேப்பூர் வாசியான நண்பர் ஒருவர், தம் குமாரனின் பரீட்சைக்காக இணையவழிப் பாடச் சந்தா ஒன்று கட்டியிருந்தார். பரீட்சை முடிந்தது. பையன் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் பயிலச் சென்றான். கைப்பேசியிலிருந்து செயலியையும் அழித்தாயிற்று. ஆயினும் மறு வருஷம் பாங்கிக் கணக்கிலிருந்து சந்தாப் பணம் போய்விட்டது!

"செயலியே இல்லையே, ஸார்!" என்று அங்கலாய்த்தார். பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் பால்காரர் கணக்கு நின்றுவிடுமா? முதல் நாள் அவர் அளித்த தானியங்கிச் சம்மதம் பாங்கியில் உயிரோடு இருந்தது.

2021 அக்டோபர் 1 முதல் அமலாகும் ரிஸர்வ் பாங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வரவேண்டும்; அப்போதே மறுக்கவும் வழியுண்டு. நண்பருக்கும் தகவல் வந்துதான் இருந்தது, புடவைத் தள்ளுபடி விளம்பரங்களின் நடுவே! யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

ஆகவே நிறுவனத்தில் சந்தாவை ரத்து செய்து, அந்தப் பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். அத்துடன் யு.பி.ஐ. செயலியின் 'ஆட்டோபே' பகுதியிலோ, அட்டையாயின் பாங்கியிலோ சம்மதத்தையும் நீக்கவேண்டும். ரத்து செய்யும் வழியை ஒளித்து வைக்கும் 'சந்தாப் பொறி'யை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. புகாருக்கு 1915 என்ற எண் உண்டு.

நண்பர் அதில் புகார் செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். இதற்கிடையே மகளுக்கும் ஒரு சந்தா கட்டியாயிற்று. இம்முறை ஒரே மாதத்திற்கு, 'ஆட்டோபே' இல்லாமல்.