மழைக்கணக்கு எழுதும் பைன் மரம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் டியேகோ நகருக்கு வடக்கே கடலோர மணற்பாறைக் குன்றுகளில் வளர்கிறது டோரி பைன். இயற்கையாக இது வளரும் வேறொரே இடம், அதே மாநிலத்தைச் சேர்ந்த சான்டா ரோசா தீவு. உலகின் மிக அரிய பைன் இனங்களில் இதுவும் ஒன்று. 1850இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய சார்லஸ் பாரி, தம் ஆசான் ஜான் டோரியின் பெயரையே இதற்குச் சூட்டினார்.

அந்தக் கரையில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 250 மி.மீ. மழைதான். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனியே துணை. ஐந்தைந்தாகச் சேர்ந்து நீளும் ஊசியிலைகளில் பனித்துளி திரண்டு வேரடியில் சொட்டும். மரத்தின் ஆண்டு வளையங்களிலிருந்து பழைய மழையைக் கணக்கிடும் ஆய்வாளர்களுக்கு, தண்ணீருக்கு இப்படித் தவிக்கும் மரம்தான் வேண்டும். வற்றாத ஆற்றின் கரையில் நிற்கும் மரத்துக்கு மழை பொய்த்தாலும் பெரிய குறையில்லை; அதன் வளையங்களில் பஞ்சம் அவ்வளவாகத் தெரியாது. வறண்ட குன்றில் நிற்கும் மரத்திலோ ஒவ்வொரு ஆண்டின் மழையும் பதிந்துவிடும்.

எப்படிப் பதிகிறது? பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு ஆண்டுதோறும் புதுக் கட்டையைச் சேர்க்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போது உருவாகும் செல்கள் பெரியவை, அவற்றின் சுவர் மெல்லியது. அந்தப் பகுதி வெளிறித் தெரியும். ஈரம் வற்ற வற்றச் செல்கள் சிறுத்து, சுவர் தடித்து, கருங்கோடாக முடியும். வெளிறிய பகுதியும் கருங்கோடும் சேர்ந்தது ஓராண்டு வளையம். நல்ல மழையென்றால் அகலம், வறட்சியென்றால் மயிரிழை.

இதைப் படிக்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளீடற்ற துளைகருவியைத் திருகி, பென்சிலைவிட மெல்லிய கட்டைக்குச்சி ஒன்றை உருவி எடுக்கிறார்கள். அதை மரச்சட்டத்தில் ஒட்டி, செல்கள் தெரியுமளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, நுண்ணோக்கியில் வளையங்களை அளக்கிறார்கள். கடும் வறட்சியில் சில மரங்கள் வளையமே போடாமல் விட்டுவிடுவதுண்டு. ஆகவே ஒரு மரத்தை மட்டும் நம்ப முடியாது. பல மரங்களின் குறுகல், அகல வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே ஆண்டை உறுதிசெய்கிறார்கள். இந்த முறையை வளர்த்தவர் அரிசோனாவின் ஏ.இ.டக்ளஸ் என்ற வானியலாளர்.

அடுத்தது, வளைய அகலத்தை மழைமானிப் பதிவோடு ஒப்பிடுவது. சான் டியேகோவில் மழைப்பதிவு 1850 முதலே இருப்பது பெரிய வசதி. டோரி பைனின் வளர்ச்சி குளிர்கால, வசந்தகால மழையோடு ஒத்துப்போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எத்தனை மழைக்கு எத்தனை அகலம் என்ற கணக்குப் பிடிபட்டுவிட்டால், மானி இல்லாத காலத்து வளையங்களிலிருந்தும் மழையை மதிப்பிடலாம்.

1980களின் இறுதியில் வந்த வறட்சியும், அதைத் தொடர்ந்த பட்டை வண்டுகளும் நூற்றுக்கணக்கான டோரி பைன்களைக் கொன்றன. பட்டுப்போன கட்டையிலும் பழைய வளையங்கள் இருக்கும். ஆனால் இனி வரும் மழையைப் பதிவுசெய்ய உயிருள்ள மரம்தான் வேண்டும். இரண்டே இடங்களில் எஞ்சியிருக்கும் இந்த மரங்களைக் காப்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.