35 வயது வரை ஒண்டுக் குடித்தனம்!

ஒண்டுக் குடித்தனம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாயடியில் முறை, குளியலறையில் முறை, அடுத்த அறைக்காரர் இருமினால் நமக்குத் தூக்கம் போச்சு! "போகட்டும், நமக்கென்று ஒரு தனி வீடு வாய்க்காமலா போய்விடும்?" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு நாளைத் தள்ளுவோம். ஆனால், "உனக்கு 35 வயது ஆகும் வரையில் ஒண்டுக் குடித்தனத்துக்குத்தான் பணம் கொடுப்பேன்" என்று ஒரு சர்க்காரே விதி வகுத்து வைத்திருந்தால்?

பிரிட்டனில் அப்படித்தான் வகுத்து வைத்திருக்கிறார்கள், சகோதரிகளே!

அந்த நாட்டில் வேலை இல்லாதவர்களுக்கும் சம்பளம் போதாதவர்களுக்கும் வீட்டு வாடகை கொடுக்கச் சர்க்கார் உதவி செய்கிறது. முன்பு 'ஹவுஸிங் பெனிபிட்' என்று தனியாக வந்த அந்தப் பணம், இப்போது உழைக்கும் வயதிலிருக்கும் பெரும்பாலோருக்கு 'யுனிவர்ஸல் கிரெடிட்' என்ற மாதாந்தர உதவியோடு சேர்ந்து வருகிறது. "அடடா, கொடுத்துவைத்த ஜனங்கள்!" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

தனியாரிடம் குடியிருப்பவருக்கு எவ்வளவு வாடகை ஆனாலும் அவ்வளவையும் கொடுத்துவிட மாட்டார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் ஓர் உச்சவரம்பு உண்டு. துணையோ குழந்தையோ இல்லாத தனி ஆள், 35 வயது நிரம்பாதவர் என்றால், அவருக்கு உரிய வரம்பு ஒரே ஓர் அறைக்குத்தான். படுக்கும் அறை மட்டும் சொந்தம். சமையலறையும் குளியலறையும் பொது. அப்படிப்பட்ட அறைக்கு என்ன வாடகையோ, அதுதான் அளவுகோல். அவர் சின்னதாக ஒரு தனி வீடு பிடித்திருந்தாலும் சரி, கிடைப்பது அறைக்கான தொகையே. மீதி அவர் பாடு.

இந்த விதி 1996-ம் வருஷம் அக்டோபரில் வந்தபோது 25 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே தொட்டது. 2012 ஜனவரியில் வயதை 35 ஆக்கிவிட்டார்கள். தனி வீட்டில் தன் பாட்டுக்கு இருந்த முப்பது வயதுக்காரர்கள் பலருக்கு வாடகைப் பணம் குறைந்தது.

சரி, அறை என்றால் எந்த அறை? ஒரு வட்டாரத்தில் உள்ள நூறு அறைகளை, மலிவானதிலிருந்து விலை உயர்ந்தது வரை வரிசையாக நிறுத்திவையுங்கள். 2011 ஏப்ரலுக்கு முன்பு நடுவில் நிற்கும் ஐம்பதாவது அறையின் வாடகையை வரம்பாக வைத்திருந்தார்கள். அதன் பிறகு முப்பதாவது அறைக்கு இறக்கிவிட்டார்கள். அந்தக் கணக்காவது வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிறதா? அதுவும் இல்லை. 2016 முதல் நாலு வருஷம் பெரும்பாலும் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா சமயத்தில் சரிசெய்தார்கள். மறுபடி 2024 ஏப்ரல் வரை நிறுத்தம். அந்த மாதம் ஏற்றினார்கள். 2025-ல் மீண்டும் ஏற்றவில்லை. குடிக்கூலி மட்டும் யாருக்காகவாவது காத்திருக்குமா?

துண்டு விழும் பணம் எங்கிருந்து வரும்? 2025 ஏப்ரலில் தொடங்கிய வருஷத்தில், 25 வயதுக்குக் குறைந்த தனி ஆளுக்குச் சாப்பாடு முதலிய செலவுக்கு மாதம் 316.98 பவுன், 25 ஆனவருக்கு 400.14 பவுன். வேறு வருமானம் இல்லாத 24 வயதுப் பெண் ஒருத்திக்கு வாடகையில் 100 பவுன் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கையில் நிற்பது 216.98 பவுன். நாளொன்றுக்கு ஏழு பவுன் சொச்சம். சாப்பாடு, மின்சாரம், குளிருக்குக் கணப்பு, பஸ், டெலிபோன், துணிமணி எல்லாம் அதற்குள்ளே! குடும்பம் நடத்தும் உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? முதலில் குறைவது கணப்பு, அப்புறம் சாப்பாடு.

சர்க்கார் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். "உதவி வாங்காமல் சொந்தச் சம்பளத்தில் இருக்கும் வாலிபர்களே நாலு பேர் சேர்ந்துதானே வீடு எடுக்கிறார்கள்? அவர்கள் கட்டும் வரியிலிருந்து மற்றவருக்குத் தனி வீடு எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் சிநேகிதிகளோடு சேர்ந்து வீடு எடுப்பது வேறு. கிடைத்த அறையில், முன்பின் தெரியாத நாலு பேரோடு ஒரே குளியலறையைப் பங்கிட்டுக்கொள்வது வேறு. ஒரு பெண்ணுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று. சம்பளம் வாங்கும் வாலிபருக்குக் கஷ்டம் வந்தால் பெற்றோர் வீடு இருக்கிறது. இந்த விதிகளின் அடியில் இருக்கும் நினைப்பும் அதுதான்: எல்லோருக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு, கதவு திறந்தே இருக்கும் என்பது. 2017 ஏப்ரலில் ஒரு படி மேலே போய், புதிதாக மனுச் செய்யும் 18 முதல் 21 வயது வரை உள்ளவர்களில் பலருக்கு வாடகை உதவியே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு வலுத்தது. 2018 மார்ச்சில் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

பிறந்த வீடே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? தாய் மறுமணம் செய்துகொண்டு, புது வீட்டில் இடமில்லை என்று வெளியே வந்த பெண் எங்கே போவாள்? வீடு இருந்தாலும் விஷயம் சுலபமில்லை. அந்தத் தாயும் யுனிவர்ஸல் கிரெடிட்டில் வாடகை உதவி பெறுகிறவள் என்றால், 21 வயதான பிள்ளை வீடு திரும்பியதும், சில விலக்குகள் நீங்கலாக, அவள் உதவியில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார்கள். 'அம்மாவிடம் போ' என்றும் சொல்வது, போனால் அம்மாவின் பணத்தில் பிடிப்பது!

கர்ப்பிணியின் நிலைமையைக் கேளுங்கள். தனியாக இருக்கும் கர்ப்பிணிக்கு, குழந்தை பிறக்கும் வரையில் ஒற்றை அறைக் கணக்குத்தான். பிறந்த பிறகே கணக்கு மாறும். மனைவியைப் பிரிந்து வாழும் தகப்பனுக்கும் அப்படியே. குழந்தை தாயிடம் வளர்ந்தால் அவன் தனி ஆள். சனி, ஞாயிறு குழந்தை வந்தால் படுக்க வைக்க இடம் ஏது?

சரி, இந்த நிலைமையில் சமாளிப்பது எப்படி? அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில.

அறையைப் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்த வட்டாரத்தின் வரம்பு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்காரே அதை வெளியிடுகிறது. மின்சாரமும் காஸும் வாடகையில் சேர்த்தியா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

விலக்குகளை விட்டுவிடக் கூடாது. சர்க்கார் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு 25 வயது வரை விலக்கு உண்டு. வீடற்றோர் விடுதியில் மொத்தம் 3 மாதமாவது தங்கி, மீண்டும் தலையெடுப்பதற்கான உதவி பெற்றவர்களுக்கு உண்டு. 16 வயதுக்குப் பிறகு துணைவராலோ குடும்பத்தாராலோ கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 2022 அக்டோபர் முதல் உண்டு. அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் துணை தேவைப்பட்டு, அதற்கான ஊனமுற்றோர் உதவி பெறுகிறவர்களுக்கும் உண்டு. இவர்களுக்கெல்லாம் ஒரு படுக்கையறை கொண்ட தனி வீட்டுக் கணக்கு. கொடுமையை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, உரிமையை இழந்துவிட வேண்டாம்.

துண்டு விழும் தொகைக்கு நகரசபையிடம் தனியாக மனுக் கொடுக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். ஆனால் கேட்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது. முதல் தவணை உதவி வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். முன்பணம் வாங்கினால் அது கடன், பிறகு பிடித்துக்கொள்வார்கள். பணம் வந்தவுடன் வாடகையை முதலில் எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.

'பிரம்மச்சாரிகளுக்கு வீடு கிடையாது' என்று இங்கே சொல்வார்களே, அதுபோல அங்கே 'உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இடமில்லை' என்று விளம்பரம் போடுவார்கள். 2020 ஜூலையில் யார்க் நகரக் கோர்ட்டில் ஒரு பெண் இதை எதிர்த்து ஜெயித்தாள். அப்படி ஒட்டுமொத்தமாக மறுப்பது பெண்களையும் ஊனமுற்றோரையுமே அதிகம் பாதிக்கிறது, ஆகவே சமத்துவச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பாயிற்று. 1966-ல் தோன்றிய 'ஷெல்ட்டர்' என்ற ஸ்தாபனமும், 'சிட்டிஸன்ஸ் அட்வைஸ்' நிலையங்களும் இதுபோன்ற சங்கடங்களில் காசு வாங்காமல் யோசனை சொல்கின்றன.

"நம் பிள்ளைக்கும் இது கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். படிப்பதற்கோ வேலைக்கோ விஸாவில் போனவர்களுக்குப் பொதுவாக இந்த உதவி கிடையாது. வாடகை முழுவதும் அவர்கள் பொறுப்பே. அதைக் கணக்கிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற இடங்களில் நிலையாகக் குடியேறி, பிரஜா உரிமை பெற்றுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விதிகள் எல்லாம் பொருந்தும்.

உங்களுக்குத் தெரிந்தவர் பிள்ளையோ பெண்ணோ அங்கே தனியாக அறை எடுத்துத் திண்டாடினால், "ஏன் இன்னும் ஒழுங்காக ஒரு வீடு பார்க்கவில்லை?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். வாடகை கொடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள். இந்த விலக்குகளையும் எடுத்துச் சொல்லுங்கள். பிறந்த வீடு இல்லாதவர்களுக்கு, அப்படி விசாரிக்கிற ஒருவர் இருப்பதே எவ்வளவு பெரிய ஆறுதல்!