காற்றும் தகரக் கூரையும்

ஐம்பெரும் பூதங்களுள் காற்று கண்ணுக்குப் புலனாகாதது. ஆயினும் தன் செயலால் தன்னை உணர்த்துவது. கிழக்கினின்று வருவது கொண்டல், தெற்கினின்று வருவது தென்றல், மேற்கினின்று வருவது கோடை, வடக்கினின்று வருவது வாடை என நம் முன்னோர் அதற்கு நான்கு பெயர் வகுத்தனர். மலையகத்திலே மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றின் கடுமையோ இப்பெயர்களின் இனிமையுள் அடங்குவதன்று. வாயு மைந்தனாகிய ஆஞ்சநேயர் கோயில் கொண்டெழுந்தருளியிருக்கும் இறம்பொடையில் வாழும் நமக்கு, அவர் தந்தையின் ஆற்றலை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், லயங்களின் தகரங்களை அக்காற்று எவ்வாறு பெயர்த்தெடுக்கின்றது என்பதை ஆராய்ந்தறிந்தார் நம்மிற் சிலரே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெளிதகரம் இந்நாட்டிற் பிறந்ததன்று. 1829 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஹென்றி பாமர் என்னும் பொறியியலறிஞர் நெளிவுடைய இரும்புத் தகட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். மெல்லிய தகடும் நெளிந்தவிடத்து எளிதில் வளையாது பாரந் தாங்கும் என்பதே இதன் அடிப்படை. 1837 இல் பிரான்சு நாட்டினரான சொரெல் என்பார் இரும்பின்மீது நாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் கூடியதன் பயனே நம் தலைக்கு மேலுள்ள தகரம். செங்குத்தான மலைப்பாதையிலே தோளிற் சுமந்து செல்லத்தக்க இலேசும், விரைவில் வேயத்தக்க எளிமையும் அதன் சிறப்புக்கள். ஆனால், அவ்விலேசே காற்றின்முன் அதன் குறையும் ஆகின்றது.

காற்றுக் கூரையைத் தள்ளி வீழ்த்துகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று, காற்றுக் கூரையை மேலே தூக்குகின்றது. மழைநாளில் குடைபிடித்துச் செல்வோர் இதனை அறிவர். குடை நம்மீது அமுங்குவதில்லை. கையை விட்டு மேலெழவே முயல்கின்றது. ஓடும் பாய்பொருளின் வேகம் மிகுமிடத்து அதன் அமுக்கம் குறையும் என்பதைத் தானியல் பேர்ணூலி என்னும் அறிஞர் 1738 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சுவரில் மோதிய காற்றுக் கூரையின் விளிம்பையும் முகட்டையும் தாண்டும்பொழுது வேகங் கொண்டு மேற்பரப்பை விட்டு விலகிச் செல்கின்றது. அங்கே அமுக்கம் குறைகின்றது. அவ்வேளை காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருப்பின், உட்புகுந்த காற்றுக் கீழிருந்து தகரத்தை உந்துகின்றது. மேலே உறிஞ்சல், கீழே உந்தல் என இருவிசையும் ஒன்றுசேரவே தகரம் பறக்கின்றது.

இவ்விசையின் அளவு யாது? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகமுள்ள காற்றின் அமுக்கம், ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 12 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். வேகம் 100 கிலோமீற்றர் ஆயின் அது 47 கிலோகிராம் ஆகும். 150 ஆயின் 106 கிலோகிராம் ஆகும். வேகம் இருமடங்காக, விசை நான்கு மடங்காகும் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மலையில் வளியின் அடர்த்தி சற்றுக் குறைவாதலால் இவ்வெண்கள் பத்திலொரு பங்கு குறையலாம். ஆனால், மலைமுகடுகளிலும் கணவாய்களிலும் காற்றின் வேகம் மிகுதலால் அக்குறைவு ஆறுதல் தருவதன்று. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள தகரமோ ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோகிராமே நிறையுடையது.

தகரத்தின்மீது கல்லும் மணல்மூட்டையும் பழைய ரயரும் ஏற்றும் நம்மவர் வழக்கத்தை இக்கணக்கோடு ஒப்புநோக்குக. எட்டடி நீளமுள்ள தகரமொன்று மூடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீற்றர். 100 கிலோமீற்றர் வேகக் காற்றில் அதனைத் தூக்கும் விசை 60 கிலோகிராமுக்கு மேற்படலாம். விளிம்பிலும் மூலையிலும் அது இன்னும் பெரிதாகும். பத்துக் கிலோகிராம் கல் அங்கே என்செய்யும்? சிறுகாற்றில் தகரம் தடதடப்பதை அது தடுக்கும். பெருங்காற்றிலோ உருண்டு கீழே உறங்கும் குழந்தையின்மேல் வீழினும் வீழும்.

1974 ஆம் ஆண்டு நத்தார் நாளன்று அவுஸ்திரேலியாவின் தார்வின் நகரைச் சூறாவளி தாக்கியது. காற்றின் வேகம் 217 கிலோமீற்றர் எனக் காட்டியபின் அளவுகருவியே பழுதுற்றது. பின்னர் ஆராய்ந்த பொறியியலாளர் வியத்தகும் உண்மையொன்றைக் கண்டனர். பலவிடங்களில் ஆணிகள் மரத்திலேயே நின்றன. தகரமே ஆணித்தலையைச் சுற்றிக் கிழிந்து சென்றிருந்தது. மீண்டும் மீண்டும் வளைக்கப்படும் கம்பி முறிவதுபோல, காற்றின் ஓயாத அசைப்பினால் ஆணித்துளையைச் சுற்றி வெடிப்புண்டாகியமையே காரணம். ஆகவே, தடதடக்கும் தகரம் செவிக்கு மட்டும் தொல்லையன்று. அது நாடோறும் நலிந்து வருகின்றது என்பதற்கு அறிகுறியுமாகும். 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் கூரையிழந்தோரின் துயரை நம் நாட்டினர் மறந்திலர்.

இனிக் காக்கும் வழியைக் கூறுவாம். தகரம் சலாகையிலும், சலாகை கைமரத்திலும், கைமரம் சுவரிலும் பிணைந்திருத்தல் வேண்டும். இது ஒரு சங்கிலி; ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுதும் பயனற்றதாகும். வழுவழுப்பான ஆணியினும் அகன்ற வாசர் பொருந்திய திருகாணி சிறந்தது. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் அவற்றை நெருக்கமாக இடுதல் வேண்டும். கைமரத்தை இரும்புப் பட்டியால் சுவரோடு இறுக்குதல் நன்று. தகரத்தின் மேற்பொருத்து, காற்று வரும் திசைக்கு வாய்காட்டாதிருத்தல் வேண்டும். உக்கிய சலாகையில் எத்துணைத் திருகாணி இட்டும் பயனில்லை. பெருங்காற்று வேளையில் அது வரும் பக்கத்துக் கதவு சாளரங்களை அடைத்தலும் கடமையாகும்.

இவ்விடத்து என் இளமைக்கால நிகழ்ச்சியொன்றைக் கூறுதல் பொருந்தும். நாங்கள் வாழ்ந்த லயத்தின் தொங்கற் காம்பிரா ஆளின்றிக் கிடந்தது. அதன் ஓரத்தகரம் ஓராண்டாகவே ஆடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டுக்கு ஆணி எதற்கு என்று அனைவரும் வாளாவிருந்தனர். ஆடி மாதத்து இரவொன்றில் அத்தகரம் முதலிற் பெயர்ந்தது. அதன் வழியே புகுந்த காற்று அடுத்தடுத்து ஐந்து காம்பிராக்களின் கூரையை உரித்துச் சென்றது. விடியுமளவும் என் தாயார் எங்களை மேசையின்கீழ் இருத்தித் தாம் நனைந்துகொண்டு நின்றார். அவ்வாண்டுப் பாடப்புத்தகங்கள் அனைத்தும் கூழாயின.

லயத்தில் வீடுகள் பல, கூரையோ ஒன்று. தம் தலைக்கு மேலுள்ள தகரத்தை மட்டும் இறுக்குவோர் தம்மையும் காத்தாரல்லர். இல்லங்களுக்கு எவர் உரியர், திருத்துதற்கு எவர் பொறுப்பு என்னும் வினாக்களுக்கு உரியோர் விடை கூறுதல் வேண்டும். அதனை நாம் இடையறாது கேட்டலும் வேண்டும். ஆனால், காற்று அவ்விடைக்காகக் காத்திராது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து தென்மேல் காற்றுத் தொடங்குமுன், இளைஞர் ஒன்றுகூடி ஒவ்வொரு லயத்தையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை சோதித்தல் நன்று. கல்லூரியிற் கற்கும் நம் மாணவர் தாம் பயின்ற அமுக்கவியலைத் தம் பெற்றோரின் கூரையிலே பயன்படுத்துவராயின், கற்றதனாலாய பயன் அதுவேயாகும்.